ஏழாம் விதியும் இரண்டு வாளித் தண்ணீரும்

மரியஅந்தோணி பன்னிரண்டு வருடம் தற்காலிக ஊழியராக இருந்தார். கொடைக்கானலில் காலையில் இறங்கும் மூடுபனிகூட மதியத்துக்குள் இருப்பதா போவதா என்று முடிவு செய்துவிடும். எங்கள் பள்ளி நிர்வாகம் ஒரு மனிதரைப் பற்றிப் பன்னிரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தது.

பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அது தரும் ஓய்வூதியத்தில்தான் இன்றும் சாப்பிடுகிறேன். மிஷன் நடத்திய உறைவிடப் பள்ளி, இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞானவேல், அங்கே அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மரியஅந்தோணி பாய்லர் பார்த்துக்கொண்டவர். பிள்ளைகள் குளிக்க வெந்நீரும், சாப்பாட்டுக் கூடத்துக்கும் நோயாளிப் பிள்ளைகளின் அறைக்கும் குழாய் வழியாகச் சூடும் அவர் கையால்தான் போயின.

அவர் ஒல்லியான மனிதர். எப்போதோ ஒரு மாணவன் விட்டுப்போன, பள்ளிச் சின்னம் தைத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் தேர்வில் பல முறை தோற்ற மாணவர் போலத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன் மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். அப்படியும் விரல் இடுக்கில் கரி நிற்கும். கோவில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் அவர் கை வைப்பதற்கு முன் வைத்துவிட வேண்டும் என்று மற்றவர்கள் அவசரப்படுவார்கள். அந்தக் கரியில் சூடான தண்ணீரில்தான் அத்தனை பேரும் குளித்துவிட்டு வந்திருப்பார்கள்.

தற்காலிகம் என்பதில் அவருக்கு இருந்த கவலை பதவியைப் பற்றியது இல்லை, வீட்டைப் பற்றியது. பாய்லர் கூடத்தை ஒட்டி இரண்டு சிறிய அறைகள் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் மனைவி சகாயராணிக்கு இளைப்பு நோய். குளிர் தாங்காது. பாய்லரின் பின்சுவரும் அந்த அறைச் சுவரும் ஒன்றே என்பதால் மார்கழியிலும் அறை கதகதவென்று இருக்கும். அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால்தான் அந்த அம்மாவால் மூச்சு விட முடியும். நிரந்தர ஊழியர் என்று ஒரு தாள் வந்துவிட்டால் ஐம்பத்தெட்டு வயது வரை அந்தச் சுவர் அவர்களுடையது. தற்காலிகம் என்றால் பதினைந்து நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம். அவருடைய நிரந்தரக் கோப்பு பன்னிரண்டு வருடத்தில் மூன்று மேஜை தாண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் நிலக்கரி ரயிலில் கொடைரோடு வரை வரும். அங்கே லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவருவார்கள். கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கி வந்து சேரும்போது பாதி கரி, பாதி தூளாக இருக்கும். தூளை அப்படியே அடுப்பில் வாரிப் போட்டால் பாதி காற்றில் பறக்கும், மீதி மூக்கில் ஏறும். அதனால் முதலில் இரண்டு வாளித் தண்ணீர் தெளித்துப் பிசறிக்கொள்ள வேண்டும். இது எல்லாப் பாய்லர்காரர்களும் செய்கிற வேலைதான். எங்கள் பள்ளியில் அதை விதியாகவே எழுதி, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஏழாம் விதி. அதற்கு ஒரு ரெஜிஸ்டரும் உண்டு. 'தண்ணீர் தெளிக்கப்பட்டதா?' என்ற கட்டத்தில் தினமும் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

1981-இல் நிலக்கரி வருவது நின்றுபோனது. இன்று வரும், நாளை வரும் என்று ஸ்டேஷனிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மூன்று வாரம் பிள்ளைகள் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். சரியாகச் சொன்னால், குளித்ததாகச் சொன்னார்கள். மெட்ராஸிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பெற்றோர்கள் தந்தி அடித்தார்கள். உடனே கமிட்டி கூடியது.

கமிட்டியில் பதினோரு பேர். அவர்களில் ஒருவராவது வாழ்க்கையில் ஒரு தடவை அடுப்பு மூட்டியிருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் முடிவு நல்ல முடிவு, அதை மறுக்க முடியாது. இனிமேல் பாய்லருக்கு நிலக்கரி வேண்டாம், மரக்கழிவு போதும். மேல்மலையில் தோல் பதனிடுவதற்காக வாட்டில் மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டு கொம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். மர மில்லில் ஓரச் சீவல்கள் குவிந்து கிடக்கும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் உடைந்த தக்காளிப் பெட்டிகளுக்குக் கணக்கே இல்லை. காய்கறி இறக்கிவிட்டுச் சும்மா மலையேறும் லாரிகளில் அவற்றை ஏற்றிவிட்டால் போதும். கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து அடுப்பின் கம்பித் தட்டை மாற்றிக் கொடுத்தார்.

கூட்டத்தின் கடைசியில், காபி ஆறுவதற்குள், இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். 'பாய்லர் விதிகளில் நிலக்கரி என்று வரும் இடங்களில் எல்லாம் மரக்கழிவு என்று திருத்திக்கொள்ளவும்.' திருத்தி அடிக்கும் வேலை எனக்கு வந்தது.

அடித்தேன். ஒன்பதாம் விதியின்படி மரக்கழிவைச் சம்மட்டியால் கோழிமுட்டை அளவுக்கு உடைக்க வேண்டும். பதினோராம் விதியின்படி பளபளவென்று கறுப்பாக இருக்கும் மரக்கழிவை மட்டுமே லாரியிலிருந்து இறக்க வேண்டும், கல் கலந்த மரக்கழிவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். ஏழாம் விதியின்படி மரக்கழிவை அடுப்பில் இடுவதற்கு அரை மணி முன்பு இரண்டு வாளித் தண்ணீர் தெளித்து நன்றாகப் பிசற வேண்டும்.

நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கோழிமுட்டை வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் அடித்தேன். அதற்கு முந்தின வருடம் எங்கள் மேனேஜர் அலெக்சாண்டர் சாரின் கடிதத்தில் ஒரு தேதியைத் திருத்திக் கொடுத்ததற்காக என்னை ஒரு மாதம் பழைய பெஞ்சுகளுக்கு நம்பர் போட அனுப்பியிருந்தார். தப்பைக் காட்டுவது என் சோலி இல்லை என்று அப்போதே பாடம் படித்துவிட்டேன்.

புது விதிகள் சுவரில் ஏறிய அன்றே மரியஅந்தோணி அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"சார், இந்த ஏழாம் நம்பரைக் கொஞ்சம் பாருங்க."

"பாத்தேன். நான்தானே அடிச்சேன்."

"வெறகுல தண்ணி தெளிக்கச் சொல்லியிருக்கு."

"ஆமா."

"வெறகுலங்க சார்."

"தெரியுது அந்தோணி."

"எந்தப் பொம்பளையாவது வெறக நனைச்சுட்டு அடுப்பு மூட்டுவாளா? வீட்டுல சொன்னேன், சகாயராணி சிரிச்ச சிரிப்புல இளைப்பு வந்துருச்சு."

அவரை அலெக்சாண்டர் சாரிடம் அழைத்துப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ரூல்னா ரூல் அந்தோணி. கமிட்டி பாஸ் பண்ணினத நானோ நீயோ மாத்த முடியாது. நெக்ஸ்ட் மீட்டிங் ஜூன்ல. அதுவரைக்கும் ஃபாலோ பண்ணு. உன் பெர்மனென்ட் ஃபைல் இப்பதான் மூவ் ஆகுது. ரெஜிஸ்டர்ல ஒரே ஒரு ரிமார்க் வந்தாலும் நான் ஹெல்ப் பண்ண முடியாது, பாத்துக்க."

அப்போது ஆகஸ்ட் மாதம். ஜூனுக்குப் பத்து மாதம் இருந்தது.

முதல் வாரம் மரியஅந்தோணி விதிப்படியே நடந்தார். மழைக்காலத்து வாட்டில் கொம்பு ஏற்கெனவே ஈரம். அதன்மேல் இரண்டு வாளி. அடுப்பு எரியவில்லை, அழுதது. புகை சமையல் கூடத்துக்குள் புகுந்து, அங்கிருந்து ஜெபக்கூடத்துக்குப் போனது. பிள்ளைகள் இருமிக்கொண்டே ஜெபம் சொன்னார்கள். குழாயில் வந்த தண்ணீர் ஏரித் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது. மரக்கழிவு என்றால் இப்படித்தான் இருக்கும், போகப்போகப் பழகிவிடும் என்று அலெக்சாண்டர் சார் எல்லோருக்கும் விளக்கினார். அவர் வீட்டில் கெரசின் ஸ்டவ் இருந்தது.

எட்டாம் நாள் நோயாளி அறைக்குப் போய்க் குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார் மரியஅந்தோணி. ஒரு சின்னப் பெண் காய்ச்சலோடு இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடந்தது. திரும்பி வந்தவர் இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்ப் பாய்லர் கூடத்துக்குப் பின்னால் இருந்த முட்டைக்கோஸ் பாத்தியில் ஊற்றினார். விறகைப் பாய்லர் சுவரை ஒட்டி இடைவெளி விட்டு அடுக்கினார். மூன்று நாள் அந்தச் சூட்டில் காய்ந்ததை மட்டும் எடுத்து எரித்தார். ரெஜிஸ்டரில் 'ஆம்' என்று எழுதினார்.

நாலாம் நாளிலிருந்து வெந்நீர் கொதித்தது. பிள்ளைகள் குளியலறையை விட்டு வெளியே வர மறுத்தார்கள். சகாயராணியின் சுவர் மறுபடி சூடானது. முட்டைக்கோஸ் ஒவ்வொன்றும் சின்னப் பானை அளவுக்குப் பெருத்தது. விஷயம் அவருக்கும் அந்த அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். என்னிடம் அவரே சொன்னார்.

"பொய்க் கையெழுத்துதான் சார். பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். சாமியார் சிரிச்சுப்புட்டு, பிள்ளைங்களுக்குத் தண்ணி சுடுதான்னு மட்டும் கேட்டாரு."

இதோடு விட்டிருந்தால் கதை இல்லை. இன்ஜினீயர் மார்ச் மாதம் வந்து ரெஜிஸ்டரையும் வெந்நீர்ச் சூட்டுக் கணக்கையும் புரட்டினார். முதல் வாரம் சூடு இல்லை, அதன் பிறகு ஏகப்பட்ட சூடு, எல்லா நாளும் தண்ணீர் தெளிக்கப்பட்டிருக்கிறது. அவர் படித்த மனிதர், காரணம் இல்லாமல் காரியம் நடக்காது என்று அவருக்குத் தெரியும். முதல் வாரத்தை அடுப்பு பழகிய வாரம் என்று ஒதுக்கினார். மற்றபடி அடுப்பும் அதேதான், ஆளும் அதே ஆள்தான், ஆகவே காரணம் தண்ணீர்தான் என்று கண்டுபிடித்தார். அளவான ஈரம் விறகை நின்று எரியச் செய்கிறது என்று பதினாறு பக்கத்தில் அறிக்கை எழுதினார். இரண்டு வாளியை நான்காக்கினால் சூடும் இரட்டிப்பாகும் என்பது கடைசிப் பக்கம். அதையும் நான்தான் அடித்தேன். நான்கு வாளி அடிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறிக்கையைத் தபாலில் படித்த கமிட்டி பூரித்துப்போனது. ஜூன் கூட்டத்தன்று மற்ற மிஷன் பள்ளிக்காரர்களையும் கூப்பிட்டு, நேரிலேயே எரித்துக் காட்டுவது என்று முடிவானது. அந்த இடத்திலேயே மரியஅந்தோணிக்கு நிரந்தர உத்தரவைச் சேர்மன் கையால் கொடுப்பது என்றும் முடிவானது. சேர்மன் மதுரைக்காரர், ஓய்வு பெற்ற நீதிபதி.

முந்தின நாள் மத்தியானம் மரியஅந்தோணி வந்தபோது அந்த உத்தரவைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்தார். தொடவில்லை.

"சார், நாளைக்கு எல்லார் முன்னாடியும் நாலு வாளி ஊத்துனா அடுப்பு அணைஞ்சுரும். ஊத்தலைன்னா பத்து மாசமா எழுதுனது பொய்யின்னு ஆயிரும். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். டைப் அடிக்கையில கரிக்குப் போட்ட விதி வெறகுக்கும் வந்துருச்சு, அது சும்மா விட்டுப்போன தப்புன்னு. உங்க மேலயும் குத்தம் வராதுங்க. தீர்மானம்தான அப்பிடி."

"நான் சொல்லிடுறேன் அந்தோணி."

"சொல்லிருவீங்களா?"

"மொத ஆளா சொல்லிடுறேன். நீங்க போங்க."

சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

மறுநாள் சாரல். பாய்லர் கூடத்தில் பதினோரு கமிட்டியார், விருந்தாளிச் சாமியார்கள் நாலு பேர், இன்ஜினீயர், அக்குளில் கோப்போடு அலெக்சாண்டர் சார், குறிப்பெடுக்க நான். நோட்டை மூடிவிட்டு ஒரு அடி முன்னால் வந்தேன். அதே நேரம் இன்ஜினீயர், "இந்த ஏழாம் விதி பிரமாதமான யோசனை. யாருடையது?" என்று கேட்டார். சேர்மன் அடக்கமாகப் புன்னகை செய்து, "கமிட்டியில் கூடி யோசித்ததுதான்" என்றார். பதினோரு தலைகள் அசைந்தன.

நான் அந்த ஒரு அடியைப் பின்னால் எடுத்து வைத்தேன். நோட்டைத் திறந்து, 'சேர்மன் விளக்கினார்' என்று எழுதினேன்.

மரியஅந்தோணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாளியைத் தூக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விறகைப் பிசறி அடுப்பில் தள்ளினார். எரிந்துகொண்டிருந்த கங்கு உஸ்ஸென்று இரைந்து கறுத்தது. புகை கிளம்பியது. "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்" என்றார் இன்ஜினீயர். கால் மணி கழித்தும் அதையே சொன்னார். முக்கால் மணியில் விருந்தாளிச் சாமியார்கள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. முதலில் போகிறவர் நம்பிக்கை இல்லாதவர் ஆகிவிடுவார் அல்லவா?

அப்போது நர்ஸ் அடைக்கலமேரி ஓடி வந்தார்.

"அந்தோணியண்ணே! சிக் ரூம் குழாய் ஐஸா கெடக்கு. ஆறு பிள்ளைங்க பொன்னுக்கு வீங்கியோட கெடக்குதுங்க. சின்னது ஒண்ணு நடுங்குது. வெரசாப் பாருங்க!"

மரியஅந்தோணி அலெக்சாண்டர் சாரின் அக்குளில் இருந்த கோப்பை ஒரு தடவை பார்த்தார். அடுத்த நிமிடம் ஈர விறகைக் கொக்கியால் இழுத்துத் தரையில் தள்ளினார். சுவரோரம் அடுக்கியிருந்த காய்ந்த சீவலையும் தக்காளிப் பெட்டிப் பலகையையும் வாரிப் போட்டார். சடசடவென்று பிடித்துக்கொண்டது. நெருப்புக்கு முதுகைக் காட்டி நின்று சொன்னார்.

"ஏழாம் நம்பரு கரிக்குப் போட்டதுங்கய்யா. வெறகுக்கு ஆகாது. எட்டாம் நாளுல இருந்து நான் தண்ணி தெளிக்கலை. தெளிச்சதா எழுதுனதெல்லாம் பொய்யிங்க. காஞ்ச வெறகுலதான் இத்தன நாளும் வெந்நி வந்துச்சு."

பத்து நிமிடத்தில் கூடம் முழுக்கச் சூடு பரவியது. சாரலில் விறைத்துப்போயிருந்த கமிட்டியார் பதினோரு பேரும் தங்களை அறியாமல் அடுப்பைப் பார்த்துக் கையை நீட்டினார்கள். அப்படிக் குளிர் காய்ந்துகொண்டேதான் அவர்மேல் விசாரணை வைப்பது என்று தீர்மானித்தார்கள்.

விசாரணை அன்று மதியமே நடந்தது. முந்நூற்றுச் சொச்சம் பொய்க் கையெழுத்துகள். அதோடு பள்ளித் தண்ணீரைச் சொந்த முட்டைக்கோஸுக்குப் பாய்ச்சியது. அது நோயாளிப் பிள்ளைகளின் சூப்பில்தான் போனது என்று அடைக்கலமேரி சொன்னதை, அவர் சாட்சிப் பட்டியலில் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். விதியில் தப்பு இருப்பதாக முன்பே யாரிடமாவது சொன்னாயா என்று சேர்மன் கேட்டார். "மேனேஜர் சார்கிட்டச் சொன்னேங்கய்யா" என்றார் மரியஅந்தோணி. "எழுத்து மூலமாக எதுவும் வரவில்லை" என்றார் அலெக்சாண்டர் சார். அது உண்மைதான். அந்தோணி சொன்னபோது பக்கத்தில் நின்றவன் நான். இப்போதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லையே என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால்தான் பேச வேண்டும் என்று எவன் சொன்னான்?

அன்று மாலை இரண்டு தாள் அடித்தேன். ஒன்றில், இன்ஜினீயரின் பரிந்துரைப்படி மரக்கழிவை நன்கு உலர்த்தியே பயன்படுத்த வேண்டும் என்று ஏழாம் விதி மாறியது. அவருக்கு நன்றியும் சொல்லியிருந்தது. இன்னொன்று, தற்காலிக ஊழியர் மரியஅந்தோணியை வேலையை விட்டு நீக்கும் உத்தரவு. பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

பதினைந்தாம் நாள் சாவியை வாங்கி வரும் வேலையும் எனக்கே வந்தது. சாமான்களைக் கட்டி வெளியே வைத்திருந்தார்கள். அட்டுவம்பட்டியில் ஓட்டு வீடு ஒன்று பார்த்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சகாயராணி காலியான அறையில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"அந்தோணி எங்கம்மா?"

"அடுப்படியிலதான் சார் நிக்கிறாக. புது ஆளு நாளைக்குத்தான் வருதாம்ல. ராத்திரிக்கு சிக் ரூம் குழாய் ஆறிரக் கூடாதுன்னு காஞ்ச வெறகா அடுக்கிக்கிட்டு இருக்காக."

தாளை எடுத்து, அறையில் இருந்தவற்றை எழுத ஆரம்பித்தேன். பல்பு ஒன்று, சாவி இரண்டு, ஜன்னல் கொக்கி நான்கு.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார் நீங்க?" என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது.

"சொல்லியிருக்கலாம்மா" என்றேன்.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதி. படியிறங்கும்போதே அவருக்கு இளைப்பு தொடங்கிவிட்டது. கேட் வரை அது எனக்குக் கேட்டது.

ஊழியர் குடியிருப்புக்கும் அந்தப் பாய்லரிலிருந்துதான் தண்ணீர். அன்று இரவு என் குளியலறைக் குழாயைத் திறந்தேன். ஆவி பறக்க, கை வைக்க முடியாத சூட்டில் வந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவ்வளவு நன்றாக வந்ததே இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி, குளித்தேன்.